ஆடிக் காற்றும் ஒரு கடுகுப் பையும்

கயத்தாறு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1799-ம் கட்டபொம்மனும்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள் இருக்கிற எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, கரிசல் வெளியைக் கடந்து, ஆனியிலும் ஆடியிலும் எங்கள் மேல் வந்து விழும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும், காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கிற மத்திய அரசு நிலையம் இங்கே இருப்பதும் அதனால்தான். கொடியில் போட்ட துணிக்கு இரண்டு கிளிப் போதாது. சேலை கட்டிக்கொண்டு நடந்தால் முந்தானை ஒரு பக்கம் பறக்க, மீதிச் சேலை உடம்போடு அப்பிக்கொள்ளும்.

2018 ஆடியில் அந்தக் காற்றுக்கு நான் அப்படிப் பயந்தேன். வலது மார்பை எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கீமோவுக்குத் திருநெல்வேலி போக பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். காற்று சேலையை நெஞ்சோடு ஒட்டவைக்கும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தட்டை. ரவிக்கைக்குள் பஞ்சு வைத்திருப்பேன். பஞ்சுக்குக் கனம் கிடையாது, கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிடும். அதனால் கைப்பையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நிற்பேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் பையை இறக்க மாட்டேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென்று இலவசப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் திறந்துவைத்தார். புற்றுநோயால் மார்பை இழந்த ஏழைப் பெண்களுக்கும் அங்கே திரும்ப அமைத்துத் தருவார்கள் என்று போட்டிருந்தது. ஸ்டாஃப் ரூமில் வாசித்தேன். யாருக்கோ நடக்கிற காரியம் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

பங்குனியில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததாலேயே, "பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். இதைப் படிக்கிற பெண்கள் யாரும் அந்த மூன்று வாரத்தைச் செலவழித்துவிடாதீர்கள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். கட்டி சிறியதாக இருக்கும்போதே போனால் பல பேருக்கு மார்பை முழுதாக எடுக்கவே வேண்டியதில்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் காப்பதில் பலன் ஒன்றுதான் என்று அமெரிக்க டாக்டர் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1985-லேயே வெளியிட்டிருக்கிறது. எனக்கு அக்குள் நெறியிலும் பரவியிருந்தது. அதனால் மார்பையும் அக்குள் நெறிகளையும் சேர்த்தே எடுத்தார்கள்.

வீட்டில் என் மாமியார் ஊருக்குச் சொன்ன காரணம் கர்ப்பப்பை ஆபரேஷன். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. கர்ப்பப்பை என்றால் தெருவில் சொல்லலாம், மாரு என்றால் சொல்ல முடியாது. அவுக வளர்ந்த காலம் அப்படி. ஆனால் அந்தப் பொய்யால் என்ன ஆயிற்று என்றால், பார்க்க வந்த அத்தனை பேரும் வயிற்றைப் பற்றியே விசாரித்தார்கள். என் நெஞ்சைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லை.

பக்கவாட்டில் டியூபும் அதன் நுனியில் ஒரு பாட்டிலும் தொங்கின. தினமும் எவ்வளவு நீர் இறங்குகிறது என்று அளந்து நோட்டில் எழுதணும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் டியூபை எடுப்பார்கள். அந்த நோட்டை எங்க வீட்டுக்காரர்தான் எழுதினார். தேதி, நேரம், மில்லி என்று கோடு போட்டு, வங்கிக் கணக்கு மாதிரி. இரவில் என் பக்கத்தில் படுத்திருந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் பாட்டிலை ஒரு சொட்டு சிந்தாமல் அளந்தார். அவருக்குத் தெரிந்த பாஷை அது.

பிறகு கைப்பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை நண்டு மாதிரி ஊரவிட்டு ஊரவிட்டு மேலே கொண்டுபோக வேண்டும். அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ளே கம்பி கட்டி இழுப்பது போல இருக்கும். விரல் எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். முதல் கோடு என் தோளுக்கும் கீழே. இருபது வருஷம் கரும்பலகையின் மேல் விளிம்பில் தேதி எழுதிய கை அது.

கோடு ஏறியது. மனசு ஏறவில்லை. குளிக்கும்போது குனிந்து பார்க்க மாட்டேன். இல்லாத மார்பில் அரிப்பெடுக்கும். சொறியப் போனால் அங்கே தோலும் எலும்பும்தான். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். டாக்டரிடம் கேட்க வெட்கம்.

அக்டோபரில் கரண்ட் வைக்க ஆரம்பித்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாரம் ஐந்து நாள், மொத்தம் 25 நாள். காலை பஸ்ஸில் கோவில்பட்டியிலிருந்தே ஒரு அக்கா ஏறி வருவார்கள், கூட ஒரு சின்ன வயசுப் பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் வைத்தியம் என்று நினைத்தேன். உண்மைதான், ஆனால் அக்காவுக்கும் 2011-ல் இதே வியாதி, இதே ஆபரேஷன். இந்தப் பெண் பக்கத்து வீடு. "தனியா போனா பிள்ளை பயந்துரும்" என்று தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தார்கள். வேலைக்குப் போனால்தான் அன்றைக்குக் கூலி. அதை விட்டுவிட்டு வந்தவர்கள்.

காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தும் பாராமலும் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் பேச்சு நடிகை கௌதமி பக்கம் போனது. 35 வயதில் வந்தது, தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர், இத்தனை வருஷம் ஆகியும் மேடையில் அதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒருத்தி சொன்னாள். "அவுகளுக்கு என்ன, காசு இருக்கு" என்றாள் இன்னொருத்தி. அந்த அக்கா, "எனக்குக் காசு இல்லையே, காப்பீட்டு அட்டைதான இருந்துச்சு. நானும் ஏழு வருசமா இருக்கேன்ல" என்றார்கள். கூடம் அமைதியாகிவிட்டது.

நான் எழுந்து பாத்ரூம் பக்கம் போய் அழுதேன். பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"டீச்சர், தையலைக் கண்ணாடியில பாத்தீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள். முந்தானையை இறக்கி, ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.

"வாயால சொன்னா மனசு நம்பாது தாயி. கண்ணால பாத்துக்கோ."

பார்த்தேன். நான் மனசுக்குள் வைத்திருந்தது ஒரு குழி. கருகிப்போன, பயங்கரமான ஏதோ ஒன்று. அங்கே இருந்தது அக்குளிலிருந்து நெஞ்சுக்கு நடுவே ஓடிய ஒரு கோடு. பழைய வேட்டிக் கரை மாதிரி வெளிறியிருந்தது. கோட்டுக்கு மேலே வேர்க்குரு போட்டிருந்தது. கோவில்பட்டி வெயிலில், காற்றில்லாத தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் வருகிற சாதாரண வேர்க்குரு. அந்த வேர்க்குருதான் என்னைத் தேற்றியது. இதுவும் தோல்தான், இதுவும் வியர்க்கும், இதற்கும் பவுடர் போட வேண்டியதுதான் என்று புரிந்தது.

"அரிக்குதாக்கா, இல்லாத இடத்துல?" என்று கேட்டேன். ஆறு மாதமாக யாரிடமும் கேட்காத கேள்வி.

"ஏய், எனக்கு இன்னமும் அரிக்கும். நடு ராத்திரி அரிக்கும். பைத்தியம் இல்ல, நரம்பு."

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொன்னார்கள். தைரியமாக இரு என்றார்கள், கடவுள் இருக்கிறார் என்றார்கள், இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு வியாதியா என்றார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் சொல்கிறது வேறு, காட்டுகிறது வேறு. காட்டுவதற்கு, அந்த வழியாகப் போய்த் திரும்பிய உடம்பு வேண்டும்.

கரண்ட் முடிந்து, கறுத்த தோல் உரிந்து ஆறும் வரைக்கும் எதையும் அழுத்தி வைக்கக் கூடாது என்று அக்கா காத்திருக்கச் சொன்னார்கள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். பழைய பருத்தி வேட்டி கேட்டார்கள். கழுவிக் கழுவி மெதுவாகிப்போன துணியை வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, ஓரத்தில் மடிப்புப் பிடித்து ஒரு குவியலாகத் தைத்தார்கள். உள்ளே வைக்க இன்னொரு சின்னப் பை, அதில் கடுகு.

"கம்பு போட்டுப் பாத்தேன், வண்டு வந்துருச்சு. அரிசி குத்துது. கடுகுதான் உருண்டையா கெடக்கும், நீ குனிஞ்சா அதுவும் குனியும்."

இருநூறு கிராமில் ஆரம்பித்து, கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, ஒவ்வொரு கைப்பிடியாகச் சேர்த்தார்கள். கண்ணாடியில் அவர்கள் பார்த்தது என் தோளை. ஒரு பக்கம் கனம் போய்விட்டால் உடம்பு மறு பக்கம் சாயும். முதுகும் கழுத்தும் வலிக்க ஆரம்பிக்கும். இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தினார்கள். சின்னப் பையைச் சுற்றிப் பஞ்சு வைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் கொக்கி வைத்துத் தைத்தார்கள். கடுகை எடுத்துவிட்டு உறையைத் துவைத்துக்கொள்ளலாம். உள்பாடியின் உட்பக்கம் ஒரு பாக்கெட்.

அடுத்த ஆடியில் அந்தப் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். காற்று தன் வேலையைச் செய்தது. நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பிற்பாடுதான், அக்கா செய்ததை உலகத்தில் இன்னொருத்தி முன்பே செய்திருக்கிறாள் என்று படித்தேன். நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு 1952-ல் மார்பை எடுத்தார்கள். கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது, வீட்டில் என்ன பேசுவது என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை. தானே கற்றுக்கொண்டார். பிறகு ரப்பர் பந்தும் கயிறும் தற்காலிக மார்பும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் ஆன பெண்களின் கட்டிலுக்கே போக ஆரம்பித்தார். டாக்டர் அல்லாத ஒருத்தி எதற்கு உள்ளே வருகிறாள் என்று முதலில் எதிர்ப்பு இருந்தது. அவர் நிறுத்தவில்லை. 'ரீச் டு ரெகவரி' என்று அவர் பெயர் வைத்த இந்தப் பணியை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டில் மும்பையின் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷனில் பெண்கள் பருத்தி நூலில் கையாலேயே மார்பு பின்னி, தேவைப்படுகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். லாசர் பேரை எங்கள் அக்கா கேள்விப்பட்டதே கிடையாது. நியூயார்க்கிலும் கோவில்பட்டியிலும் இரண்டு பெண்களுக்குத் தனித்தனியாக ஒரே யோசனை வந்திருக்கிறது.

இனி மறுசீரமைப்பு பற்றி. என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்.

அந்த பிப்ரவரிச் செய்தி மனசில் எங்கேயோ கிடந்தது. ஒரு நாள் ஒரு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். எனக்கு அப்போது 44 வயது. சொந்தக்காரர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள்; கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு என்றார்கள். நான் அக்காவிடம் கேட்டேன். அவர்கள் வைத்துக்கொள்ளாதவர்கள். அதனால் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன்.

"எனக்கு இன்னொரு தடவை கத்தி வேண்டாம்னு இருந்துச்சு, விட்டுட்டேன். ஒனக்கு வேணும்னு இருந்தா வையி. யாருக்காக வைக்கோம்னு மட்டும் ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அதோடு நிற்கவில்லை. வைத்துக்கொண்ட ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து என்னிடம் கூட்டிவந்தார்கள். அவளும் காட்டினாள். பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

கரண்ட் வைத்த தோல் இறுகிப்போயிருக்கும். அதற்குள் சிலிக்கோன் மட்டும் வைத்தால் சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்லாகிவிடும் ஆபத்து அதிகம். அதனால் சொந்தச் சதையைக் கொண்டு செய்வது நல்லது என்றார்கள். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து நெஞ்சில் இணைப்பது ஒரு முறை. முதுகின் அகன்ற தசையையும் அதன் மேல் தோலையும், ரத்த ஓட்டத்தை அறுக்காமல், அக்குள் வழியாக முன்னால் திருப்பிக் கொண்டுவருவது இன்னொரு முறை. இது இத்தாலிய டாக்டர் இஜினியோ டான்சினி 1906-லேயே விவரித்து, பிறகு நெடுங்காலம் மறந்துபோய், எழுபதுகளில் மறுபடி எடுத்தாளப்பட்ட வழி. எனக்கு முதுகுத் தசை. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 கடைசியில் சென்னையில் நடந்தது.

உண்மையைச் சொல்லணும். பழைய மார்பு திரும்ப வரவில்லை. தொட்டால் பெரும்பாலான இடத்தில் உணர்வு இல்லை. முதுகில் புதிதாக ஒரு தழும்பு. நான்கைந்து மாதம் குடத்தைத் தூக்க முடியவில்லை. இன்றைக்கும் வலது கையால் கனமான ஜன்னலைத் தள்ளினால் நெஞ்சில் சதை ஒரு துள்ளு துள்ளும். அது இன்னமும் தன்னை முதுகுத் தசை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் முதல் காரியமாகப் பையைத் தேட வேண்டியதில்லை. அது எனக்குப் பெரிய விஷயம். அக்காவுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. அவர்கள் இன்னமும் கடுகோடுதான் இருக்கிறார்கள், நிறைவாக இருக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று கேட்காதீர்கள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இரண்டு தழும்பையும் பார்த்துவிட்டு, நீங்கள் முடிவெடுங்கள். பார்க்காமல் எடுக்கிற முடிவுதான் பிற்பாடு உறுத்தும்.

புதிதாக இந்த வழிக்கு வந்தவர்களுக்குச் சில வார்த்தை. அக்குள் நெறி எடுத்த கையைக் கடைசி வரைக்கும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையில் ஊசியும் பிரஷர் பார்ப்பதும் வேண்டாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சீமைக்கருவேல முள் கீறினாலும், எண்ணெய் தெறித்தாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாக வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பயந்துபோய் கையைக் கட்டிப் போட்டும் வைக்காதீர்கள். பயிற்சி செய்யாத தோள் இறுகிவிடும். பார்க்கப் போகிறவர்கள் வாழைப்பழத்தோடு அறிவுரை கொண்டுபோக வேண்டாம். "தையல் எப்படி இருக்கு?" என்று அந்த இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், போதும்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் எத்தனை வீட்டில் இது 'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறதோ! அந்த வீடுகளில் எல்லாம் ஒருத்தி குளியலறையில் கீழே குனியாமல் குளித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் என் ஆசை. நாம் வெளியே சொல்லாமல் போய்ச் சேர முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒன்று. விளக்கு வைத்த நேரத்தில் ஒரு பெண் மகளோடு வந்தாள். யாரும் பார்க்கக் கூடாதென்று இருட்டினபிறகு வந்திருக்கிறாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. காட்டுகிறவளுக்கும் அது லேசான காரியம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெஞ்சையும் காட்டினேன், முதுகையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, அதே கேள்வி: "அரிக்குதா டீச்சர்?"

பீரோவில் வைத்திருந்த என் கடுகுப் பையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அவள் அளவுக்கு வேறு தைக்க வேண்டும். அடுத்த வாரம் வரச் சொன்னேன். போகும்போது சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்து இது என்னவென்று கேட்டாள். நாலு வெள்ளையடிப்புக்கும் அந்த ஓரத்தை மட்டும் விடச் சொல்லி வைத்திருக்கிறேன். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். விரலை ஊரவிட்டுக் கொண்டுபோனாள். என் முதல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே எட்டியது. தேதி எழுதினாள்.

அடுத்த வாரம் பட்டப்பகலில் வந்தாள். பையைப் பொருத்திவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். காற்று அன்றைக்கு அப்படி அடித்தது. ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் துணிப்பையைக் கீழே தொங்கவிட்டு நின்றாள்.